ரசீது வேண்டி ஒரு மனு

பெறுநர்: மெட்டா நிறுவனத்தார், மென்லோ பார்க், கலிஃபோர்னியா.
பொருள்: எங்களிடம் எடுத்த சரக்குக்கு ரசீது கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரியீர்,

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸாப் மூன்றையும் காசு வாங்காமல் நடத்திவரும் தங்கள் தயாள குணத்தில் குறை சொல்ல இந்த மனு எழுதப்படவில்லை. கணக்கில்தான் சந்தேகம். நாங்கள் எதைப் பார்க்கிறோம், எந்தப் படத்தில் விரல் ஒரு நொடி கூடுதலாக நிற்கிறது, எந்தக் கடையில் விலை கேட்டுவிட்டு வாங்காமல் வருகிறோம் என்பதையெல்லாம் தாங்கள் எடுத்துக்கொள்வதைச் சிலர் திருட்டு என்கிறார்கள். நீங்களாகச் சம்மதித்துக் கொடுத்ததுதானே என்கிறது தங்கள் தரப்பு. சரி, திருட்டு என்ற பேச்சே வேண்டாம்; கொடுக்கல் வாங்கல் என்றே வைத்துக்கொள்வோம். கொடுக்கல் வாங்கல் என்றால் எடை உண்டு, விலை உண்டு, ரசீது உண்டு. மூன்றையும் இன்றுவரை காணோம்.

விலையே கிடையாது என்று தாங்கள் இனிச் சொல்ல வழியில்லை. 2023 நவம்பரில் ஐரோப்பியர்களுக்கு விலைப்பலகை மாட்டியது தாங்கள்தான். விளம்பரத் தொந்தரவு இல்லாமல் இருக்க மாதம் 9.99 யூரோ, கைபேசிச் செயலி வழியாகக் கட்டினால் 12.99. கட்ட மனமில்லாதவர் சம்மதப் பொத்தானை அழுத்திவிட்டு இலவசமாக உள்ளே போகலாம் என்றீர்கள். அடுத்த நவம்பரில் அதே 9.99 யூரோ 5.99 ஆனது. ஆடி மாதம்கூட இல்லை, மானத்துக்கு 40 விழுக்காடு தள்ளுபடி! ஐரோப்பிய ஆணையத்துக்குத் தள்ளுபடியின் அருமை தெரியவில்லை. இதெல்லாம் ஒரு தேர்வா என்று 2025 ஏப்ரலில் 20 கோடி யூரோ அபராதம் விதித்தது. எங்கள் மனக்குறை வேறு. அவர்களிடம் விலையாவது சொன்னீர்கள். இங்கே 2021 ஜனவரியில் வாட்ஸாப் திரையில் வந்து நின்ற புதிய தனியுரிமைக் கொள்கை அறிவிப்பில் ‘ஏற்கிறேன்’ என்று ஒரு பச்சைப் பொத்தான் இருந்தது. ‘இப்போது வேண்டாம்’ என்று இன்னொன்றும் இருந்தது. வெறும் ‘வேண்டாம்’ எங்கும் இல்லை. பிப்ரவரி 8-க்குப் பிறகும் வாட்ஸாப் வேண்டுமானால் ஏற்றுத்தான் ஆக வேண்டும் என்றது வாசகம். ஊரே கூச்சல் போட்டதும் கெடு மே 15-க்குத் தள்ளிப்போனது. ஐரோப்பியருக்கு மட்டும் வேறு கொள்கை. ஒரே கடை, ஒரே சரக்கு, ஆள் பார்த்து அளக்கும் படி.

ஆள் பார்த்து என்பது எங்கள் கற்பனை இல்லை. தங்கள் கணக்கேட்டிலேயே இருக்கிறது. 2023-இன் கடைசிக் காலாண்டில் ஒரு ஃபேஸ்புக் பயனர் மூலம் கிடைத்த சராசரி வருமானம் அமெரிக்கா, கனடாவில் 68.44 டாலர், ஐரோப்பாவில் 23.14, எங்கள் ஆசிய-பசிபிக் வட்டாரத்தில் 5.52. அதாவது எங்களில் பன்னிரண்டு பேருக்கு மேல் கட்டி நிறுத்தினால்தான் ஒரு அமெரிக்கர் தேறுவார். அதற்கடுத்த காலாண்டிலிருந்து இந்த வட்டாரக் கணக்கை வெளியிடுவதையே நிறுத்திவிட்டீர்கள். மிளகாய் வற்றலுக்குக்கூட மண்டியில் அன்றாட விலையை எழுதிப் போடுகிறார்கள், ஐயா.

‘உங்கள் தரவை நாங்கள் யாருக்கும் விற்பதில்லை’ என்று தாங்கள் சொல்வது வழக்கம். உண்மைதான். வீட்டுத் தரகர் வீட்டை விற்றுவிடுவதில்லை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்களைக் கூட்டிவந்து காட்டுகிறார். துணிக்கடையில் பில் போடுகிறவர் தலை நிமிராமலே ‘நம்பர் சொல்லுங்க’ என்கிறார். வாயும் தானாகப் பத்து எண்களை ஒப்பிக்கிறது. கடைக்காரர் நினைத்தால் அந்தப் பட்டியலைத் தங்களிடம் ஏற்றலாம். எண்கள் குறியீடுகளாக மாறி, கணக்குகளோடு பொருத்தப்பட்டு, புடவை வாங்கியவருக்கும் அவரைப் போன்ற ரசனையுள்ள முன்பின் தெரியாதவருக்கும் விளம்பரமாய்ப் போய்ச் சேரும். எண்ணைச் சொன்னவர் சம்மதித்தது எதற்கு, பில்லுக்கா, இதற்கா? கணக்கின் பாதுகாப்புக்கென்று பயனர்கள் தந்த கைபேசி எண்ணையே விளம்பரத்துக்கும் பயன்படுத்தினீர்கள் என்பது அமெரிக்க வர்த்தக ஆணையத்தின் குற்றச்சாட்டுகளில் ஒன்று. 2019-இல் 500 கோடி டாலர் கட்டி முடித்துக்கொண்ட வழக்கு அது. பூட்டுக்காரரிடம் கொடுத்த சாவியைப் பந்தல்காரர் வைத்திருந்த கதை. வாட்ஸாப் செய்திகள் மறையாக்கம் செய்யப்பட்டவை என்பதையும் மறுக்கவில்லை. கடிதம் ஒட்டித்தான் வருகிறது. யாருக்கு, எப்போது, எத்தனை என்று உறை பேசுகிறது.

தங்கள் வாதங்களில் கனமானது ஒன்றுதான்: விளம்பரம் படுத்தால் சிறுவணிகமும் படுத்துவிடும். இதை எளிதாகத் தள்ள முடியாது. வீட்டில் ஊறுகாய் போட்டு விற்கும் பெண்ணால் தொலைக்காட்சியில் விளம்பரம் கொடுக்க முடியாது. சில நூறு ரூபாயில் அவருக்கு வாடிக்கையாளரைத் தேடித் தருவது தாங்கள்தான். ஆனால் ஊறுகாய் விற்க, வாங்குகிறவர் நேற்று எந்த மருந்தைத் தேடினார் என்று தெரிய வேண்டுமா? 2021 ஏப்ரலில் ஆப்பிள் நிறுவனம் ஐஃபோனில் ஒரு கேள்வியை வைத்தது: மற்ற செயலிகளிலும் தளங்களிலும் இந்தச் செயலி உங்களைப் பின்தொடரலாமா? மறுக்க ஒரே தொடுகை போதும் என்றதும் ஏராளமானோர் மறுத்தார்கள். இதனால் 2022-இல் 1,000 கோடி டாலர் அளவுக்கு வருமானம் குறையும் என்று தங்கள் நிதி அதிகாரியே சொன்னார். சம்மதத்தின் உண்மையான அளவு அன்றைக்குத்தான் தெரிந்தது. கடை படுத்ததா? அந்த ஆண்டு வருமானம் சற்றே இறங்கியது. 2023-இல் 13,490 கோடி டாலர், 2024-இல் 16,450 கோடி.

அந்த 2024-இல்தான் எங்கள் இந்தியப் போட்டி ஆணையம், மேற்படி பச்சைப் பொத்தானுக்காக 213.14 கோடி ரூபாய் அபராதம் போட்டது. தங்கள் அவ்வாண்டு வருமானத்தை மணிக்கணக்காக வகுத்துப் பார்த்தோம். ஒரு தமிழ்ப் படம் போட்டு இடைவேளை விடுவதற்குள் வந்துவிடும் தொகை. விளம்பரத்துக்காக வாட்ஸாப் தரவைப் பகிர ஐந்தாண்டுத் தடையும் சேர்ந்திருந்தது. 2025 நவம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை வைத்துக்கொண்டு தடையை நீக்கிவிட்டது. இடைவேளை முடிந்து படம் ஓடுகிறது.

ஆகவே, மாதம் ஒருமுறை ஆளுக்கொரு ரசீது அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம்: எடுத்தது என்ன, யாருக்குக் காட்டினீர்கள், எவ்வளவுக்குப் போயிற்று. அதன் அடியில் ‘வேண்டாம்’ என்று ஒரு பொத்தான், பச்சை நிறத்தில்.

இப்படிக்கு,
5 டாலர் 52 சென்ட்,
ஆசிய-பசிபிக் வட்டாரம்.