முகவுரைக்காரர்

முகவுரைக்காரர் 1990க்கு அழைப்பெடுத்தால் முதலில் வணக்கம் சொல்வார். பிறகு எதிர்முனையில் இருப்பவரின் சுகம் விசாரிப்பார். அதன்பின் தாம் யாரென்று சொல்வார். அது இலேசில் முடிவதில்லை. கமக்காரர் அமைப்பில் முன்பு வகித்த பொருளாளர் பதவி, கோயில் சபையில் இப்போது வகிக்கும் பதவி, மூத்த மகன் கனடாவில் இருப்பது எல்லாம் அதில் அடங்கும். புடையன் பாம்பு கடித்த மைத்துனர் திண்ணையில் கிடப்பார்.

1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இந்திய நிதியுதவியுடன் 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கியது. 2018 ஜூலையில் வடக்குக்கு வந்தது. கட்டணம் இல்லை. அழைப்புக்குப் பதில் சொல்பவர் இருப்பது கொழும்புக்குப் பக்கத்தில், இராஜகிரியவில். அவருக்கு முகவுரைக்காரரின் ஊரான அடம்பனில் ஒருவரையும் தெரியாது. இதை மட்டும் முகவுரைக்காரர் நம்புவதே இல்லை.

"எந்த இடம் ஐயா?"

"எங்கட வீட்டடிதான் தம்பி."

இன்னும் கேட்டால் "அந்தோனியார் கோயிலடி" என்பார். தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருபவர் அந்தோனியார்தான். ஆனால் அவருக்கு மன்னார் மாவட்டத்தில் கோயில் ஒன்றல்ல. அடுத்தது "குளத்தடி". கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீர் பாயும் பக்கமெல்லாம் எவர் வீடும் ஏதாவதொரு குளத்தடிதான். மாவட்டத்தைக் கேட்டால் "மன்னார்" என்று சரியாகச் சொல்வார், ஊரைச் சொல்ல மாட்டார். மன்னார் நகரம் தீவில். அடம்பனோ பாலம் தாண்டி, பெருநிலத்தில், மாந்தை மேற்கில். கடைசியாக வருவது "முந்திச் சங்கக்கடை இருந்ததெல்லோ, அதுக்குப் பின்னால". அந்தக் கடை போர்க்காலத்து இடம்பெயர்வோடு போயிற்று. போன ஊரை இன்னும் வீடு வீடாக மனதில் வைத்திருக்கிறவரிடம் இந்த ஓரிடத்தில் கோபிக்க முடிவதில்லை.

மற்ற இடங்களில் முடியும். புடையனின் விஷம் இரத்தம் உறைவதைத் தடுக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். விஷமுறிவு மருந்து இருப்பது ஆஸ்பத்திரியில். முகவுரையில் போகும் நேரம் முழுவதும் மைத்துனருடையது.

முதலில் சொல்ல வேண்டியது இடம்: மாவட்டம், ஊர், பக்கத்துச் சந்தி அல்லது பள்ளிக்கூடம். அடுத்த சொல்லில் ஃபோன் சார்ஜ் தீர்ந்தாலும், இடம் தெரிந்தால் வண்டியை அனுப்பலாம். நோய் மட்டும் தெரிந்தால் அனுப்ப வழியில்லை. பிறகு நடந்தது என்ன, நோயாளிக்கு என்ன வயது, நினைவு இருக்கிறதா, மூச்சு இருக்கிறதா என்பவை. கேட்பவர் போதும் என்று சொல்லும்வரை அழைப்பைத் துண்டிக்கக் கூடாது. அதன்பின் அந்த ஃபோனை வேறெதற்கும் எடுக்கக் கூடாது.

முகவுரைக்காரர் அதை எடுப்பது உடனே கனடாவுக்கு அழைக்கத்தான். சந்திக்கு வந்துவிட்ட அம்புலன்ஸ் சாரதி வழி கேட்க அழைக்கும்போதெல்லாம் லைன் பிஸி. எப்படியோ விசாரித்து வண்டி வந்து சேர்ந்ததும், பிந்தியதற்குக் காரணம் கேட்பார். சாரதி வாயைத் திறந்தால், சுருக்கமாகச் சொல்லச் சொல்வார்.