பழம்போன் இயல்

பழம்போன் என்பது பழுதுபட்ட போன் அன்று. வீட்டுக்குள் அதனினும் புதிய போன் ஒன்று நுழையக் கண்ட போன் என்க. வாங்கிய ஆறாம் மாதமே ஒன்று பழையதாவதும், ஐந்தாண்டு கழிந்தும் மற்றொன்று ஆகாதிருப்பதும் இதனால் விளங்கும்.

சொத்து தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கும். போன் மட்டும் மகனிடமிருந்து தந்தைக்கு ஏறி, அவர் கைசலித்தபின் தாயை அடையும். தாய்க்குப் பின் அதற்கு ஆளில்லை, இடமே உண்டு. எவ்விடம் என்பது போன உறுப்பைப் பொறுத்தது. திரை நொறுங்கியது பூஜையறையில் கந்த சஷ்டி கவசம் பாடும். ஸ்பீக்கர் போனது ஜன்னலில் சாய்ந்து தெருக்கதவைப் படம்பிடிக்கும்.

தலையாய பயன் ஓடிபி. வங்கி, ஆதார், கேஸ் மூன்றிலும் பதிந்த நம்பரை மாற்ற அலைவதைவிட, அந்த சிம்மைப் பழம்போனில் இட்டுக் காலமெல்லாம் ரீசார்ஜ் செய்வதே எளிது என்பது குடும்பத்தலைவர் துணிபு. போன் எங்கே என்ற தேடல் ஓடிபி அனுப்பப்பட்ட பின்னரே தொடங்கும். ஓடிபியின் ஆயுள் தேடலின் ஆயுளினும் குறைவு.

வாட்ஸ்அப் நின்ற போன் செத்த போன் என்பார் உளர். ஆண்ட்ராய்டு 5-க்குக் கீழ்ப்பட்டவற்றில் 2025 ஜனவரியோடு வாட்ஸ்அப் நின்றது மெய்யே. ஆயினும் 'குட் மார்னிங்' ரோஜாக்கள் வரத்து நின்று, இடம் காலியாகி, போன் முன்னினும் விரைந்து நடக்கக் காண்கிறோமாதலின் அது பொருந்தாது.

பழம்போன் பெருவினைக்கு ஆகாது என்பாரும் உளர். 2013 பிப்ரவரி 25 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-20 ஏற்றிச்சென்ற பிரிட்டனின் ஸ்ட்ராண்ட்-1 செயற்கைக்கோளுக்குள் இருந்தது ஒரு நெக்சஸ் ஒன். சந்தைக்கு வந்து மூன்றாண்டு கடந்த போன். இரண்டே மாதத்தில் நாசாவும் போனை மூளையாகக் கொண்ட மூன்று செயற்கைக்கோள்களை அனுப்பி, அலெக்சாண்டர், கிரகாம், பெல் எனப் பெயரிட்டது. சார்ஜர் வயரைக் கோணலாக வளைத்துப் பிடிக்க அங்கே ஆளில்லை என்பதும் நோக்குக.

ஒரு புறனடை: இரவுபகல் சார்ஜிலேயே கிடந்து சூடேறும் லித்தியம் பேட்டரிக்குள் வேதிப்பொருள் சிதைந்து வாயு சேரும், வயிறு உப்பிப் பின்மூடி எழும். அதை அமுக்கி ரப்பர் பேண்டு போடுவது பெருவழக்கு; எனினும் தீப்பிடிக்குமாதலின் இவ்வியல் அதை விலக்கும். அத்தகைய போன் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் சேரவேண்டும் என்பது 2023 ஏப்ரலில் நடப்புக்கு வந்த மின்கழிவு விதிகளின் கருத்து. சேர்வதோ தெருவில் வரும் பிளாஸ்டிக் சாமான்காரரிடம். மாற்றாகப் பெறுவது குடம் ஒன்றா, டப்பா இரண்டா என்பதில் உரையாசிரியர்கள் வேறுபடுவர்.