குச்சி கேட்டா இல்லைன்னு சொல்லாதீங்க மாப்ளே

வாங்க மாப்ளே, வேப்பமரத்தடியில கட்டிலை இழுத்துப் போட்டு உக்காருங்க. மெட்ராஸ்ல மொட்டைமாடி பூரா ரோஜா வச்சிருக்கீங்கன்னு தம்பி மக போன்ல சொன்னா. சந்தோசம். போன மாசம் கவாத்து பண்ணினீங்களாம். அதுவும் சந்தோசம். வெட்டின குச்சியையெல்லாம் கறுப்புக் கவர்ல கட்டிக் குப்பை வண்டியில ஏத்தி விட்டீங்களாமே, அதைக் கேட்டதும்தான் எனக்கு நெஞ்சை அடைச்சிருச்சு. காசு குடுத்து ஒரு செடி வாங்குன மனுசன், அந்தச் செடி காசில்லாம குடுத்த பத்துச் செடியைக் குப்பைக்கு அனுப்பியிருக்கீங்க. படிச்சவங்க கணக்கு எங்களுக்கு எங்க புரியப் போகுது!

பக்கத்து வீட்டம்மா ஒரு குச்சி கேட்டதுக்கு, "இது ஒட்டுச் செடிங்க, குச்சியில வராது"ன்னு சொல்லி அனுப்பினீங்களாம். நல்லா இருக்கு. கடன்காரனுக்குக்கூட இவ்வளவு மரியாதையா யாரும் கைய விரிச்சதில்ல. வராதுன்னு யாரு சொன்னது? நர்சரிக்காரன் காட்டு ரோஜாத் தண்டுல உங்க ஒசத்தி ரோஜாவோட கண்ணை வச்சுக் கட்டுறான். காட்டு வேரு சீக்கிரம் ஓடும், செடி மளமளன்னு வளரும், அவனும் சீக்கிரம் வித்துக் காசாக்கலாம். உங்க ரோஜாவைச் சொந்தக் கால்ல நிக்கச் சொன்னா கொஞ்சம் மொரண்டு பிடிக்கும். நாலு வச்சா ஒண்ணு ரெண்டு வரும், நிதானமா வளரும். நம்ம எட்வர்டு, ஆந்திரா செவப்பு, பட்டன் ரோஸ் இதெல்லாம் அப்பிடியில்ல. முறையா ஊனுனா பெரும்பாலும் ஏமாத்தாது.

முறைன்னா என்ன? பூத்து முடிஞ்ச கொம்பாப் பாருங்க. பென்சில் கனம் இருக்கணும். முள்ளு மேல கட்டை வெரலை வச்சுப் பக்கவாட்டுல ஒரு அழுத்து அழுத்துங்க. டக்குன்னு சுத்தமா உதிர்ந்தா கொம்பு பதமாயிருச்சுன்னு அர்த்தம். தோலோட நார் நாரா உரிஞ்சு வந்தா இன்னும் பிஞ்சு, விட்டுருங்க. நாலு கணு இருக்கற மாதிரி ஒரு முக்கா சாண் நீளம். அடியில கணுவுக்குக் கீழ சரிவா வெட்டு, மேல கணுவுக்கு மேல நேரா வெட்டு. இது அழகுக்கு இல்ல மாப்ளே. எது தலை, எது காலுன்னு மறந்துரக் கூடாதுல்ல? தலைகீழா ஊனிட்டு ராசியில்லாத கைன்னு புலம்புன ஆளுங்களை எனக்குத் தெரியும். அதுல ஒருத்தர் விவசாயத்துல டிகிரி முடிச்சவரு.

அடி எலையக் கிள்ளிட்டு, மேல ரெண்டு எலை மட்டும் விடுங்க. செம்மண்ணு, ஆத்துமணலு, கொஞ்சம் மக்குன எரு. ரெண்டு கணு மண்ணுக்குள்ள போகட்டும். வேர்ப்பொடி கடையில கெடைக்கும், இல்லைன்னா கத்தாழைச் சோத்தைத் தடவுங்க. உருளைக்கெழங்குல குத்தி வைக்கச் சொல்லி ஒருத்தன் வீடியோ போட்டிருக்கான்னு நீங்க காட்டுனீங்களே, அதையும் செய்யுங்க, நான் தடுக்கல. ரோஜா வருதோ இல்லையோ, கெழங்கு மொளைச்சுப் பொரியலுக்கு ஆகும்.

அப்புறம் ஈரம் போகாம ஒரு கவரைக் கவுத்தி நெழல்ல வச்சிட்டு, கைய மடியில வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கணும். அதுதான் உங்களால முடியாது. பத்தே நாள்ல செவசெவன்னு தளிரு வரும். உடனே போட்டோ எடுத்து வாட்ஸப்புல வைப்பீங்க, சொந்தபந்தமெல்லாம் கைதட்டும். அந்தத் தளிரு வேரு குடுத்தது இல்ல மாப்ளே. கொம்பு தனக்குள்ள சேத்து வச்சதைத் தின்னு வந்தது. வேரு விட நாலுலேருந்து ஆறு வாரம் ஆகும். அதுக்குள்ள வேரு வந்துருச்சான்னு தெனம் காலையில லேசா இழுத்துப் பாப்பீங்க. இழுத்தா எப்பிடி வரும்? தண்ணியையும் ஊத்தி ஊத்தி அடியக் கறுக்க வைப்பீங்க. கறுத்துப் போனா முடிஞ்சது, பால் ஊத்துனாலும் திரும்பாது.

ஊருல ஒரு பேச்சு இருக்கு, திருடி வச்ச செடிதான் தழைக்கும்னு. சும்மா வந்த பேச்சு இல்ல அது. திருட வர்றவன் யாரும் பாக்காத நேரமாப் பாத்து விடியக்காலம் வர்றான். கொம்புல அப்பத்தான் தண்ணி நெறைஞ்சு நிக்கும். இருக்கறதுலயே நல்ல கொம்பா ஒடிக்கிறான். பயத்துல நேரா வீட்டுக்கு ஓடி ஒடனே ஊனிர்றான். நாம என்ன பண்றோம்? கேட்டவங்களுக்கு உச்சி வெயில்ல, இருக்கறதுலயே சூம்பிப்போன குச்சியாத் தேடி ஒடிச்சுக் குடுக்கிறோம். அது அவங்க ஹேண்ட்பேக்குல ரெண்டு நாள் கெடந்து சருகாகுது. அப்புறம் திருட்டுச் செடிக்குத்தான் ராசின்னு பேச்சு. குடுக்கறதா இருந்தா திருடன் எடுக்கற மாதிரியே எடுத்துக் குடுங்க. ஈரத் துணியில இல்லைன்னா வாழமட்டையில சுத்திக் குடுங்க. கத்தியத் தொடச்சுட்டு வெட்டுங்க. நோவு பிடிச்ச செடியிலேருந்து மட்டும் குடுக்காதீங்க, பூச்சியையும் சேத்துத் தானம் பண்ணின பேரு வந்துரும்.

உங்க பெரியத்தை ஒரு ஆளு இருக்கா. வெள்ளிக்கெழமை குடுக்கக் கூடாது, செவ்வாய் ஆகாது, வெளக்கு வச்சா தொடவே கூடாது. மிச்ச நாள்ல கேட்டா "இப்பத்தான் மொட்டு வச்சிருக்கு"ம்பா. அவ ரோஜா ஒரு சித்திரை வெயில்ல நுனியிலேருந்து கருகிக் கருகி அடிவரைக்கும் போயிருச்சு. ஊருல ஒருத்தர் வீட்டுலயும் அந்த நெறம் இல்ல. யாருகிட்டப் போய்க் கேக்குறது? குச்சி குடுக்கறது மொய் எழுதற மாதிரி மாப்ளே. நம்ம வீட்டுல விசேசம்னா தானாத் திரும்பி வரும், எழுதாதவனுக்கு எவன் எழுதுவான்? அதனால மூணு எடத்துல குடுத்து வைங்க. பொறுப்பாப் பாத்துக்கற ஆளு ஒண்ணு. கோயில் நந்தவனம் ஒண்ணு. மூணாவது, ஒண்ணுமே பண்ணாம அரிசி கழுவுன தண்ணிய மட்டும் ஊத்திட்டு மறந்துர்ற அம்மா யாராச்சும். நம்பிச் சொல்றேன், அந்த மூணாவது வீட்டுலதான் செடி கூரை ஏறியிருக்கும்.

இதுல என்னோட செடி, ஒன்னோட செடின்னு பேசுறதே எனக்குச் சிரிப்பா இருக்கு. நெலக்கோட்டைச் சந்தையில பன்னீர் ரோஜான்னு மூட்டை மூட்டையா வருதே எட்வர்டு, அது எங்கேருந்து வந்துச்சுன்னு நெனைக்கிறீங்க? மடகாஸ்கருக்குக் கெழக்கால ரியூனியன்னு ஒரு தீவு, பழைய பேரு பூர்போன். அங்க வேலிக்குச் சீனத்து ரோஜாவும் டமாஸ்க் ரோஜாவும் வச்சிருந்தாங்க. ரெண்டும் தன்னால கலந்து பொறந்த பிள்ளை இது. 1800களோட தொடக்கத்துல பிரெஞ்சுக்காரங்க கண்ணுல பட்டு, ரோஸ் எதுவார்னு பேரு வாங்கிச்சு. நம்ம வாயில அது எட்வர்டு. 1848ல அங்க அடிமை முறை ஒழிஞ்சப்புறம், கரும்புக் காட்டு வேலைக்குன்னு காரைக்கால், புதுச்சேரிப் பக்கமிருந்து நம்ம சனங்க கப்பலேறி அந்தத் தீவுக்குப் போச்சு. அந்தத் தீவுப் பூவு இங்க வந்து நம்ம சாமி கழுத்துல கெடக்கு. வெதை போட்டா அதே பூ வராது. கொம்பாவோ கண்ணாவோ கைமாறித்தான் வரணும். அப்பிடின்னா நெலக்கோட்டையில நிக்கிற ஒவ்வொண்ணும் அந்த வேலியில மொளைச்ச அதே ஒத்தைச் செடிதான். எவனாவது ஒருத்தன் "இது ஒட்டுங்க, வராது"ன்னு கைய விரிச்சிருந்தா நம்ம மாலைக்கு இன்னிக்கு வெறும் சம்பங்கிதான்.

மொரண்டு பிடிக்கிற ரகத்துக்கும் வழி இருக்கு. தாழ்ந்த கொம்பை அப்பிடியே வளைச்சு, அடியில லேசாக் கீறி, மண்ணுக்குள்ள அமுக்கி மேல ஒரு செங்கல்லை வைங்க. வேரு விடற வரைக்கும் ஆத்தாக்காரி பாலு குடுப்பா. வேரு பிடிச்சதும் அறுத்துத் தனியா வைங்க. தொட்டியில இருந்தா பக்கத்துல இன்னொரு தொட்டியை வச்சு அதுல பதியம் போடுங்க. புதுச் செடியில மொதல்ல வர்ற மொட்டைக் கிள்ளிருங்க. பாவம் பாத்தீங்கன்னா செடி பூத்தே தேஞ்சு போகும்.

சரி, காபி ஆறுது, குடிங்க. அந்த வெங்காயத் தோல் நெறத்துல ஒண்ணு பூக்குதுன்னு தம்பி மக படம் அனுப்புனாளே, ஓசூர்ல வாங்குனதாமே? எனக்குக் குச்சி வேணாம் மாப்ளே, உங்களுக்குச் சங்கடம். வைகாசியில வர்றப்ப ஒரே ஒரு கண்ணு மட்டும், தோலோட, ஈரப் பஞ்சுல வச்சு எடுத்துட்டு வாங்க. அதை வச்சுக் கட்ட எட்வர்டு தண்டு கொல்லையில தயாரா நிக்குது, போன கார்த்திகையிலயே ஊனி வச்சிட்டேன்.