லேவியராகமத்தைத் தாண்டும் வழி

ஜனவரியில் எங்கள் பாளையங்கோட்டையில் எல்லாருமே ஆதியாகமம் வாசிப்பார்கள். பிப்ரவரியில் “எதுவரைக்கும் வந்திருக்கீங்க?” என்று கேட்பது மட்டும் நாகரிகமில்லை. சம்பளம் எவ்வளவு என்று கேட்டால்கூட மன்னித்துவிடுவார்கள்.

கணக்கு என்னவோ சுலபம்தான். வேதாகமத்தில் 66 புத்தகங்கள், 1,189 அதிகாரங்கள். நாளுக்கு மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று வாசித்தால் வருஷத்துக்குள் முடித்துவிடலாம். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரியும். சிக்கல், புத்தகங்கள் வரிசையாக நிற்கும் விதத்தில் இருக்கிறது. நாளுக்கு மூன்றே என்று வைத்துக்கொண்டாலும், பொங்கல் சமயத்தில் யோசேப்பு எகிப்தில் தானியம் சேர்த்துக்கொண்டிருப்பார். பண்டிகைக்கும் பொருத்தம், கதையும் நன்றாக ஓடும். குடியரசு தினத்தன்று ஆசரிப்புக் கூடாரத்துக்குத் திரைச்சீலை அளந்துகொண்டிருப்போம். கொட்டாவி அங்கேயே தொடங்கிவிடும். ஜனவரி 31 அன்று லேவியராகமம், முதல் அதிகாரம். பிப்ரவரி 4 அன்று குஷ்டரோகத்தைப் பற்றி மட்டும் 59 வசனங்கள். அதோடு வேதாகமம் தலைமாட்டுக்குப் போய்விடும். அதன்மேல் மூக்குக்கண்ணாடி, அதன்மேல் கரண்ட் பில். பிறகு லெந்து காலம் வந்து மனம் குத்தும்போது மறுபடி எடுப்பார்கள். விட்ட இடத்திலிருந்து எடுப்பார்கள் என்றா நினைக்கிறீர்கள்? மத்தேயுவிலிருந்து.

ஆண்டு வாசிப்புத் திட்டங்களில் பேர்போனது ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் போதகராக இருந்த ராபர்ட் மர்ரே மக்செய்ன் போட்டது. 1842இல் தம் சபையாருக்காகத் தயாரித்தார்: ஒரே வருஷத்தில் பழைய ஏற்பாடு ஒருமுறை, புதிய ஏற்பாடும் சங்கீதமும் இருமுறை. நாளுக்கு ஏறக்குறைய நான்கு அதிகாரம் வரும். மறுவருஷமே, 29 வயதில், காலமாகிவிட்டார். அட்டவணையைவிட அதற்கு அவர் எழுதிய முன்னுரைதான் எனக்குப் பிடித்தது. தம் திட்டத்தின் ஆபத்துகளை அவரே அதில் வரிசைப்படுத்தியிருக்கிறார்: சடங்காகிவிடலாம், கவனமில்லாமல் ஓட்டிவிடலாம், முடித்துவிட்டோம் என்று தலைக்கனம் ஏறலாம், சிலருக்குச் சுமக்கமுடியாத பாரமாகலாம். நம் ஆட்கள் அட்டவணையை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு இந்தப் பகுதியை விட்டுவிட்டார்கள்.

இன்னொரு கட்சி அட்டைக் கட்சி. டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுத்து, பர்ஸில் வைத்துக்கொண்டு, அதையே வருஷம் முழுவதற்குமான தியானமாக்கிக்கொள்பவர்கள். அட்டையில் உபாகமம் 28 அடிக்கடி வரும். அந்த அதிகாரத்தில் 68 வசனங்கள். முதல் 14 ஆசீர்வாதம்; 15இலிருந்து கடைசிவரை சாபம். பதினைந்துக்குப் பிறகு ஒரு வசனத்தை எந்த அட்டையிலும் நான் இதுவரை பார்த்ததில்லை. தங்க ஜரிகை ஓரம்போட்டு அதை அச்சடித்தால் யார் எடுப்பார்?

மூன்றாவது வாட்ஸ்அப் கட்சி. எங்கள் குடும்பக் குழுவில் பெரியப்பா விடிகாலை நாலரைக்கே ரோஜாப்பூ படத்தோடு வசனம் போட்டுவிடுவார். வசனம் நமக்கு, நேரம் பெரியப்பாவுக்கு. தாம் அதிகாலை ஜெபத்துக்கு எழுந்துவிட்டதை உலகம் அறிய வேண்டுமே. ஒருநாள் சங்கீதம் 119ஐ முழுசாகப் போட்டார். 176 வசனம், வேதாகமத்திலேயே நீளமான அதிகாரம். அடுத்த நிமிஷமே சென்னையிலிருந்தும் துபாயிலிருந்தும் ‘ஆமென்’ வந்துவிட்டது. பரிசுத்த ஆவியானவர்கூட அவ்வளவு வேகமாக வாசித்திருக்கமாட்டார் என்றாள் என் மனைவி. அம்மா முறைத்தாள்.

எங்கள் வீட்டில் வாசிப்பு ஓடிக்கொண்டிருப்பதே அந்த அம்மாவால்தான். மகள் போனில் வேதாகமச் செயலி வைத்திருக்கிறாள். எத்தனை நாள் விடாமல் வாசித்தாய் என்று அது எண்ணிக்காட்டும். ஒருநாள் தவறினால் எண்ணிக்கை மறுபடி ஒன்றுக்கு வந்துவிடும். அதற்குப் பயந்து இரவு பதினொன்று ஐம்பத்தைந்துக்குப் போர்வைக்குள் படுத்தபடி செயலியைத் திறந்து மூடுவாள். குரல் பதிவும் அதில் உண்டு. லேவியராகமத்தை அவள் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டபோது அம்மா, “ஏன் அவனுக்கு இப்படி மூச்சு வாங்குது? தண்ணி குடுக்கச் சொல்லு” என்றாள்.

அம்மாவின் திட்டத்தில் செயலி இல்லை, அட்டவணை இல்லை. ராத்திரி குடும்ப ஜெபம் முடிந்தால்தான் சாப்பாடு, அவ்வளவுதான். மக்செய்னுக்குத் தோன்றாத ஏற்பாடு. தோசைக்கல் அடுப்பில் காய்ந்துகொண்டிருக்கும். நாளுக்கு ஒரே அதிகாரம், சத்தமாக, ஆள் மாற்றி ஆள். இந்தக் கணக்கில் முழு வேதாகமத்துக்கு மூன்று வருஷமும் சில மாதங்களும் ஆகும். “எங்க ஓடிப்போகப் போவுது?” என்பாள். நடுவில் கேள்வி கேட்கும் உரிமை அவளுக்கு மட்டும் உண்டு. தினமும் அதைப் பயன்படுத்துவாள்.

அப்படித்தான் லேவியராகமம் 14ஆம் அதிகாரம் எங்கள் வீட்டில் பேர்பெற்றது. வீட்டுச் சுவரில் பூஞ்சைபோல ஏதாவது படர்ந்தால் என்ன செய்வது என்று பின்பாதியில் வருகிறது. ஆசாரியன் வந்து பார்க்குமுன் வீட்டைக் காலிசெய்ய வேண்டும். பச்சையாகவோ சிவப்பாகவோ குழி தெரிந்தால் ஏழுநாள் வீட்டை அடைத்துவைக்க வேண்டும். படர்ந்திருந்தால் கல்லைப் பெயர்த்து, காரையைச் சுரண்டி, ஊருக்கு வெளியே கொட்டிவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். மறுபடியும் வந்தால் வீட்டையே இடிக்க வேண்டும். எங்கள் வீட்டு மேற்குச் சுவரில் ஐப்பசி மழைக்கு ஊறிய ஈரம் இன்னும் இருக்கிறது.

“ஏல, நிறுத்து. மொதல்ல என்ன பண்ணச் சொன்னான்?”

“வீட்டக் காலி பண்ணச் சொன்னான்மா.”

“பாத்தியா? நம்ம பெயிண்டர் சோபா மேலயே சுரண்டிட்டுப் போனான். சரி, ஆசாரியன் ஏழு நாள் கழிச்சு சொன்னபடி வந்தானா?”

“வந்தான்.”

“வந்தானா!” என்றாள் அம்மா. ஐயரின் பிரசங்கத்துக்குக்கூட அவள் அப்படி நிமிர்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் 1715இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தபோது, இந்த அதிகாரம் இன்னும் தமிழுக்கு வரவில்லை. அந்தக் காலத்துத் தமிழ்ச் சபையாருக்குப் பிப்ரவரி சுகமாகத்தான் கழிந்திருக்கும். அதற்குப் பிறகு அவர் பழைய ஏற்பாட்டில் கைவைத்து ரூத் வரை வந்து, 1719இல் 36 வயதில் இறந்துபோனார். மீதியை அவருக்குப் பின் வந்த மிஷனரி ஷூல்ட்ஸ் 1728இல் முடித்தார். ஆக, நாம் வாசிக்கவே தடுமாறுகிற லேவியராகமத்தை அந்த மனுஷன் வெயிலிலும் வியாதியிலும் வரிவரியாக மொழிபெயர்த்துத் தாண்டியிருக்கிறார். குஷ்டரோகத்தின் 59 வசனத்தையும் சேர்த்து. தோசை காய்கிறது என்று நான் அவசரப்படுவதற்கு நியாயமே இல்லை. ஆனாலும் பசிக்கத்தான் செய்கிறது.

போன வாரம் எண்ணாகமம் ஏழுக்கு வந்தோம். 89 வசனம். பன்னிரண்டு கோத்திரத் தலைவர்கள் பன்னிரண்டு நாள் காணிக்கை கொண்டுவருகிறார்கள்: 130 சேக்கல் எடையில் வெள்ளித்தாலம், 70 சேக்கலில் வெள்ளிக்கலம், 10 சேக்கலில் பொன் தூபகரண்டி, ஆடு மாடுகள். முதல் நாள் நகசோன். மறுநாள் இன்னொருவர், அதே சாமான். மூன்றாம் நாளும் அதேதான். மகள் வாசிப்பதை நிறுத்தினாள்.

“ஆச்சி, பன்னெண்டும் ஒண்ணுதான். பேருதான் வேற. மேற்படின்னு சொல்லிட்டுப் போயிரலாம்.”

“உங்க அப்பா கல்யாண மொய் நோட்டு பீரோவுல இருக்கு, பாத்திருக்கியா? நூத்தியொண்ணு, நூத்தியொண்ணுன்னு பக்கம் பக்கமா இருக்கும். மேற்படின்னு எழுதியிருந்தா சொந்தக்காரன் சும்மா விடுவானா? குடுத்தவன் பேரச் சொல்லி, குடுத்ததச் சொல்லணும். வாசி.”

பன்னிரண்டையும் வாசித்தோம். கடைசியில் மொத்தமும் கூட்டிப் போட்டிருக்கிறது: வெள்ளி 2,400 சேக்கல், பொன் 120. மகள் சந்தேகப்பட்டுப் போனில் தட்டிப் பார்த்தாள். சரியாக வந்தது. அம்மாவுக்குப் பரம திருப்தி.

“மோசே கணக்கு சுத்தம். உங்க சித்தப்பா கல்யாணக் கணக்குதான் இன்னும் ஒரு நூத்தியொண்ணு இடிக்கி.”