கண்ணாடியைச் சுற்றி என் வாரமஞ்சரி

இன்று காலை தலை சீவப் போனவன் சீவாமலே திரும்பிவிட்டேன். ஹோலில் புதிதாக மாட்டியிருக்கிற வட்டக் கண்ணாடியில் என் முகத்துக்கு வலப்பக்கம் முழுக்கத் தங்க நிறம். இடப்பக்கம் முழுக்கச் செய்தி. காதுக்கு நேரே "தேங்காய் வி" என்று நின்றது. விலை ஏறியதா இறங்கியதா என்று அறிய வேண்டுமானால் குழலைப் பிரிக்க வேண்டும். பிரித்தால் இந்த வீட்டில் எனக்குச் சோறு இல்லை.

மகளின் கைவேலை. பத்திரிகையை நீளமாகக் கிழித்து, ஈர்க்கில் சுற்றி, ஓரத்துக்குக் கம் பூசி, ஈர்க்கை உருவிவிட்டால் ஒரு குழல். அப்படி நூற்றிருபது குழலைச் சூரியக் கதிர் மாதிரி ஒட்டினால் அலங்காரக் கண்ணாடியாம். செலவே இல்லையாம். தங்க நிற ஸ்பிரே டின் பாதியில் முடிந்துபோக, அடுத்த டின்னுக்குக் காசு என்னிடம் கேட்டார்கள். செலவில்லாத வேலையில் என் பங்கு அதுதான்.

குழலுக்குப் போன கட்டு, அலுமாரிக்கு மேல் நான் இருபத்திரண்டு வருடமாகச் சேர்த்த தினகரன் வாரமஞ்சரிக் கட்டு. அதில் என் பெயர் வந்த இதழ்கள் நான்கு. கல்முனையில் பெயர் அச்சில் வராத ஆள் குறைவு, ஒத்துக்கொள்கிறேன். கண்ணை மூடிக் கல்லெறிந்தாலும் ஒரு கவிஞரின் நெற்றியில்தான் படும். ஆனாலும் நான்கு நான்குதான். இப்போது என் பெயரின் கடைசி இரண்டு எழுத்து மட்டும், மணிக்கூட்டில் எட்டு இருக்கிற இடத்தில் எட்டிப் பார்க்கிறது.

வாய் திறக்க வழியில்லை. வீடு பெண்சாதியின் வீடு. நம்முடைய பக்கத்து ஆம்பிளை கலியாணத்தன்று பெட்டியோடு வந்து இறங்கியவன். ஆணி எங்கே அடிப்பது என்று அவனை யாரும் கேட்பதில்லை. சுத்தியலை எடுத்துவரச் சொல்வார்கள்.

இந்தக் கைவேலைகளைப் பற்றி முக்கியமான ஒன்றைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். வருகிறேன்.

எறியாமல் வைத்திருப்பதை நான் குறை சொல்லவில்லை. மாமி சொப்பின் பேக்குகளை மடித்து மெத்தைக்குக் கீழே அடுக்கியபோது சிரித்தவர்களில் நானும் ஒருவன். 2025 நவம்பர் 1 முதல் கடைகளில் பேக்குக்குக் காசு என்று ஆனபிறகு, மாமி அந்த மெத்தையில் படுக்கிற படுப்பே வேறு. பேக் வேண்டுமென்றால் சலாம் சொல்லிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.

எங்கள் உம்மா வீட்டில் எந்தப் பொருளுக்கும் ஓய்வு கிடையாது. ஒரு மருதமுனைச் சாரனை எடுத்துக்கொள்ளுங்கள். தறியிலிருந்து வந்ததும் பெருநாள் தொழுகைக்கு. நடக்கும்போதே மொடமொடவென்று ஆள் வருவதைச் சொல்லும். அடுத்த வருடம் ஜும்ஆவுக்கு. அதற்கடுத்துச் சந்தைக்கு, மீன்காரனுக்கு அது போதும். பிறகு வாசலோடு. பிறகு படுக்கையோடு, அந்தக் கட்டத்தில் அதை உடுத்துக்கொண்டு கதவு திறக்கக் கூடாது. மூட்டைப் பிரித்தால் ஏணை. வரிசையாக நாலைந்து பிள்ளைகள் அதில் தூங்கும், நனைக்கும். பிறகு நடுவால் கிழியும். நல்ல பாதி குசினிக்குப் பிடிசீலை, கெட்ட பாதி நிலம் துடைக்க. பிடிசீலை கருகினால் மோட்டார் சைக்கிளுக்கு. நிலம் துடைத்தது நைந்தால் கம்பில் கட்டி ஒட்டறை அடிக்க. ஓரக்கரை மட்டும் சாகாது. அதை நாடாவாகக் கிழித்துப் பாகற்கொடியைப் பந்தலோடு கட்டுவோம். பின்வளவுப் பந்தலில் இப்போதும் ஒரு பச்சைக் கட்டத் துணி ஆடுகிறது. அது எந்த வருடத்து ஹஜ்ஜுப் பெருநாள் என்று பார்த்தவுடன் சொல்வேன். அன்றைக்கு ஆட்டிறைச்சி கொஞ்சம் வேகவில்லை.

இத்தனை பிறவியில் ஒன்றிலாவது அந்தச் சாரனுக்கு யாரும் பூ ஒட்டினார்களா? வந்தவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார்களா? தயிர்ச் சட்டியும் அப்படித்தான். தயிர் முடிந்தால் கழுவிக் கோழிக்குத் தண்ணீர் வைப்போம். இப்போது அதற்குக் கறுப்புப் பெயின்ட், வெள்ளைப் புள்ளி. சணல் நூலில் ஜன்னலோரம் தொங்குகிறது. கோழி கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறது. ஒரே மாதிரிப் பன்னிரண்டு போத்தல் வேண்டுமென்று இரண்டு கிழமை வீடே நெக்டோ குடித்தது. எனக்குச் சீனி வருத்தம். நான் போத்தலின் அழகை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மெதுவாகத்தான் ஆரம்பித்தேன். மனைவி தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை.

"எறிஞ்சா பள்ளக்காட்டுக்குத்தானே போகும். யானை திண்டு சாகும். அது ஒங்களுக்குச் சரியா?"

இந்தப் பக்கத்து ஊர்களின் குப்பை போய்ச் சேர்கிற இடம் அது. அங்கே பிளாஸ்டிக் தின்று எட்டு வருடத்தில் 20 யானைகள் அளவில் செத்த கதை 2022 ஜனவரியில் உலகமெல்லாம் போனது. செத்த யானையோடு வாதாட யாரால் முடியும்? ஆனாலும் கேட்டேன், வாரமஞ்சரி தின்று எந்த யானையாவது செத்ததா என்று. மகள் சிரித்தாள். துருவலைச் சத்தம் கொஞ்சம் கூடியது.

சொல்ல வந்த அந்த முக்கியமான விஷயத்தை மறந்துவிடக் கூடாதென்று போன மாதமே ஒரு பத்திரிகையின் ஓரத்தில் பச்சைப் பேனையால் குறித்து வைத்திருந்தேன். காலையில் அதையும் கண்டுபிடித்துவிட்டேன். கண்ணாடிக்கு மேலே இடது மூலையில் "ஆகவே நாம்" என்பது வரை வெளியே தெரிகிறது. மீதி குழலுக்குள் போய்விட்டது.

"வாப்பா, எழுதி முடிஞ்சா அந்தக் கடதாசியத் தாங்க. கீழ ரெண்டு குழல் கழண்டு விழுந்திட்டு."