பக்கத்தில் ஆறு, பள்ளத்தில் தண்ணீர்

*காவிரிக் கேள்விகள்*

கேள்வி: மேட்டூர் நம்ம சேலம் மாவட்டத்தில்தானே இருக்கிறது? அப்புறம் ஏன் அந்தத் தண்ணீரில் இங்கே ஒரு வயல்கூட விளைவதில்லை? (சேலம்)

பதில்: "ஒரு வயல்கூட" என்று சத்தமாகச் சொல்லாதீர்கள், கிழக்குக் கரைக் கால்வாய்க்காரர்கள் சண்டைக்கு வந்துவிடுவார்கள். மற்றபடி உங்கள் வருத்தம் நியாயமானது. அணை முழுசாக நிரம்பி நிற்கும்போது நீர்ப்பரப்பு கடல்மட்டத்திலிருந்து 790 அடி உயரத்தில் இருக்கும். சேலம் நகரம் இருப்பதோ சுமார் 900 அடியில். மாவட்ட எல்லை தண்ணீருக்குத் தெரியாது. மேடு பள்ளம் மட்டும் நன்றாகத் தெரியும். இன்று காலை உங்கள் வீட்டுக் குழாயில் வந்த காவிரிகூடத் தானாக வரவில்லை. தொட்டில்பட்டியிலிருந்து மோட்டார் வைத்து மேலே தள்ளிவிட்டது.

இன்னொன்றும் உண்டு. 1925-ல் தொடங்கி 1934-ல் முடித்த இந்த அணையைக் கட்டியதே தஞ்சாவூர்ப் பக்கத்து நெல்லுக்காக. கிழக்கு, மேற்குக் கரைக் கால்வாய்கள் வந்தது 1955-ல். அதாவது, அணையை வீட்டு வாசலில் வைத்துக்கொண்டு நாம் 21 வருஷம் காத்திருந்தோம். கிடைத்தது சேலம், நாமக்கல், ஈரோடு மூன்றுக்கும் சேர்த்து 45,000 ஏக்கர் பாசனம். டெல்டாவுக்குப் பத்து லட்சம் ஏக்கருக்கு மேல். கோபம் வந்தால் இன்னொரு முறை அந்த 790 அடியை நினைத்துக்கொள்ளுங்கள், பாதி தணியும். மீதிப் பாதி தணிய வேண்டியதில்லை.

கேள்வி: அதுதான் சரபங்கா திட்டம் வந்துவிட்டதே? (எடப்பாடி)

பதில்: வந்தது. 565 கோடி ரூபாய் மதிப்பீடு, 2021 பிப்ரவரியில் தொடக்க விழா. திப்பம்பட்டியில் தண்ணீரை ஏற்றி 100 வறண்ட ஏரிகளை நிரப்புவது திட்டம். ஆனால் ஏற்றுவது உபரி நீரை மட்டும். அணை நிரம்பினால்தான் உபரி, கர்நாடக அணைகள் நிரம்பினால்தான் நம் அணை, குடகிலும் வயநாட்டிலும் கொட்டினால்தான் கர்நாடக அணைகள். உங்கள் ஊர் ஏரிக்குத் தண்ணீர் வருமா என்று தெரிய, கேரளத்து வானிலைச் செய்தியைக் கேளுங்கள். காவிரியில் சேரும் கபினி ஆறு புறப்படுவது அங்கேதான்.

கேள்வி: டிஎம்சி, கனஅடி என்று தினமும் செய்தியில் சொல்கிறார்கள். ஒரு மண்ணும் விளங்கவில்லை. (ராசிபுரம்)

பதில்: ஒரு டிஎம்சி என்றால் நூறு கோடி கன அடி. லிட்டரில் சொன்னால் சுமார் 2,830 கோடி. அணையிலிருந்து வினாடிக்கு 11,574 கனஅடி வீதம் ஒரு நாள் முழுக்கத் திறந்துவிட்டால் ஒரு டிஎம்சி காலி. மேட்டூரின் மொத்தக் கொள்ளளவு 93.47 டிஎம்சி. கர்நாடகத்தின் கிருஷ்ணராஜ சாகருக்கு 50-க்குச் சற்றுக் குறைவு. பாத்திரம் நம்முடையது பெரிது. ஊற்றுகிற கை அங்கே இருக்கிறது.

கேள்வி: அணையின் உயரம் 214 அடி என்கிறார்கள். 120 அடியிலேயே "நிரம்பியது" என்று கொண்டாடுகிறார்களே, மீதி 94 அடி எங்கே போச்சு? (ஓமலூர்)

பதில்: யாரும் தின்னவில்லை. 214 அடி அஸ்திவாரத்திலிருந்து அளந்தது. 120 தண்ணீர் தேங்கும் ஆழக் கணக்கு.

கேள்வி: காவிரித் தாவா எப்போதுதான் ஆரம்பித்தது? (நாமக்கல்)

பதில்: 1892-ல் சென்னை மாகாணமும் மைசூரும் போட்ட ஒப்பந்தத்திலிருந்து எண்ணலாம். 1924-ல் இன்னொன்று. அதை வைத்துத்தான் அவர்கள் கிருஷ்ணராஜ சாகரைக் கட்டி முடித்தார்கள், நாம் மேட்டூரைக் கட்டினோம். அதே 1924 ஜூலையில் காவிரி பெருவெள்ளமாக வந்து இரண்டு தரப்பையும் அடித்துப் போட்டது. கையெழுத்தின் மை காய்வதற்குள் என்றுகூடச் சொல்லலாம். அந்த ஒப்பந்தத்தின் சில பகுதிகள் 50 ஆண்டுக்குப் பிறகு மறுபரிசீலனைக்கு வரும் என்று எழுதியிருந்தார்கள். 1974 வந்தது, சண்டையும் வந்தது. 1990-ல் நடுவர் மன்றம். 2007-ல் இறுதித் தீர்ப்பு: எல்லையில் இருக்கும் பிலிகுண்டுலுவில் கர்நாடகம் நமக்குத் தர வேண்டியது ஆண்டுக்கு 192 டிஎம்சி. 2018-ல் உச்ச நீதிமன்றம் அதை 177.25 ஆக்கியது. நல்ல மழை பெய்த வருஷம் இந்த எண்கள் யாருக்கும் ஞாபகம் வராது என்பதைக் கவனித்திருக்கிறீர்களா?

கேள்வி: அகத்தியர் கமண்டலத்தைக் காகம் கவிழ்த்ததால் காவிரி பிறந்தது என்பது உண்மையா? (மல்லூர்)

பதில்: உண்மையாக இருந்தால் அந்தக் காகத்துக்கு இரண்டு மாநிலங்களிலிருந்தும் சம்மன் போயிருக்கும்.

கேள்வி: எங்கள் ஊர் மழைத் தண்ணீரும் காவிரிக்குத்தானே போகிறது? (ஆத்தூர்)

பதில்: இல்லை அம்மிணி. உங்கள் வசிஷ்ட நதி வெள்ளாற்றோடு சேர்ந்து பரங்கிப்பேட்டையில் கடலுக்குப் போகிறது. சேர்வராயன் மலையின் சில பக்கங்களில் விழுகிற மழைதான் காவிரிக்கு. சரபங்கா ஓமலூர், எடப்பாடி வழியாகவும், திருமணிமுத்தாறு சேலத்தின் நடுவே புகுந்து நன்செய் இடையாறு வரையும் நடந்து போய்ச் சேரும். சேலத்துக்குள் திருமணிமுத்தாற்றைப் பார்த்தவர்கள் அதை ஆறு என்று சொல்ல யோசிப்பார்கள்.

கேள்வி: திருச்செங்கோட்டு ரிக் வண்டி இந்தியா முழுக்கப் போகிறது. போர் போடுவதில் அப்படி என்ன ஆர்வம்? (திருச்செங்கோடு)

பதில்: ஆர்வமா, கட்டாயமா? பள்ளிபாளையத்துக் காவிரி உங்களுக்குச் சுமார் 20 கிலோமீட்டர். ஆனால் ஆறு பள்ளத்தில், நிலம் மேட்டில். பூமிக்குள் துளைத்துப் பார்த்தாக வேண்டிய ஊர், துளைப்பதையே தொழிலாக்கி ராஜஸ்தான் வரை கொண்டுபோனது. நாமக்கல்லின் லாரிக்கும் கோழிப் பண்ணைக்கும் பின்னால்கூட, வாய்க்கால் எட்டாத காடுதான் பெரிய காரணம் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் எழுதலாம், முட்டையோடு வந்தால் இன்னும் நல்லது.

கேள்வி: நாமக்கல் மாவட்டத்தில் காவிரியால் உருப்படியாக வாழ்கிற இடமே இல்லையா? (மோகனூர்)

பதில்: மோகனூரிலிருந்துகொண்டு இந்தக் கேள்வியா! ஜேடர்பாளையத்தில் படுகை அணை, அங்கிருந்து ராஜவாய்க்கால், பிறகு உங்கள் ஊர் வரை கிளை வாய்க்கால்கள். வெட்டியவர் அல்லாள இளைய நாயகர் என்பது வழிவழியாகச் சொல்வது. மேட்டூருக்கு முன்பே ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் அது. இன்றைக்கும் பரமத்தி வேலூர்ப் பக்கம் போனால், அகத்தி மரத்தைக் கட்டிப்பிடித்து ஏறும் வெற்றிலைக் கொடிக்கால் ஒருபுறம், வாழை ஒருபுறம், இடையில் கணுக்கால் நனைய ஒரு வாய்க்கால். ஏலத்தில் ஒரு சுமைக்கு 104 கவுளி, கவுளிக்கு நூறு இலை. வெள்ளைக்கொடியா, கற்பூரியா என்பதைப் பொறுத்து விலை. வாய்க்காலில் நாலு நாள் தண்ணீர் வராமல் நின்றால் வெற்றிலை முகம் சுண்டிவிடும். நாமக்கல் மாவட்டத்தில் ஆற்றின் மீது உரிமையோடு கோபப்படக்கூடியவர்கள் இந்தக் கொடிக்கால்காரர்கள்தான்.

கேள்வி: மேட்டூர் அணைக்குள் கோயில் இருக்கிறதாமே? (தாரமங்கலம்)

பதில்: கோயிலும் இருக்கிறது, தேவாலயமும் இருக்கிறது. பண்ணவாடிப் பக்கம் நீர்மட்டம் நன்றாக இறங்கும்போது முதலில் தேவாலயக் கோபுரம் தலை நீட்டும், பிறகு ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி. பார்க்கக் கூட்டம் கூடும், பரிசல் போகும், செல்ஃபி எடுப்பார்கள். அந்த ஊர்களைக் காலிசெய்து கிளம்பியவர்களின் பேரப்பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தில் இருக்கலாம். நந்தி தெரிகிற வருஷம் டெல்டாவில் குறுவை நெல்லுக்கு வழக்கமான ஜூன் 12 அன்று தண்ணீர் கிடையாது என்பது அநேகமாக நிச்சயம்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு பூலாம்பட்டி போகலாமா? "குட்டி கேரளா" என்கிறார்களே. (சங்ககிரி)

பதில்: தாராளமாக. விசைப்படகில் ஏறினால் அக்கரை நெரிஞ்சிப்பேட்டை, ஈரோடு மாவட்டம். ஆனால் அங்கே ஆறு கடல் மாதிரி அசையாமல் நிற்பதற்குக் காரணம் மின்சாரத்துக்காகக் கட்டிய கதவணை. பராமரிப்பு என்று கதவைத் திறந்துவிட்டால் தண்ணீர் வடிந்துவிடும், படகு தரைதட்டும், நீங்கள் சுற்றுவழி போக வேண்டியதுதான். கிளம்பும் முன் யாரிடமாவது விசாரியுங்கள். மீன் வறுவலை மட்டும் இக்கரையிலேயே முடித்துக்கொண்டு படகேறுங்கள்.