வந்துட்டானாம்: தேக்கா வட்டார இறந்தகாலம் குறித்த ஓர் ஆராய்ச்சி

இந்த ஆராய்ச்சிக்குக் கிடைத்த தரவு மொத்தம் ஒன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் 12.40க்கு, சிங்கப்பூர் தேக்கா நிலையத்தின் கீழ்த்தள உணவங்காடியில், எதிர் நாற்காலியில் டிஷ்யூ பாக்கெட் வைத்து இடம்பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தபோது தொலைபேசி வழியாக வந்தது. சொன்னவர் என் மச்சான். சொன்னது: “ரீச் ஆல்ரெடி மச்சான், வந்துட்டேன்.” பின்னணியில் குளியலறைக் குழாய் கொட்டும் ஓசை. மச்சானின் வீடு பொங்கோலில்.

ஒரே ஒரு தரவை வைத்து ஆராய்ச்சியா என்று கேட்பவர்கள், அதை வைத்துக்கொண்டு பசியோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கட்டும்.

முதலில் ‘ஆல்ரெடி’. இலக்கண ஆங்கிலத்தில் ‘ஹேவ் ரீச்ட்’ என்று வரவேண்டிய இடத்தில், வினையை மொட்டையாக விட்டு வாலில் ‘ஆல்ரெடி’ ஒட்டுவது சிங்கப்பூர் வழக்கம். ஹொக்கியனின் ‘லியாவ்’, மாண்டரினின் ‘ல’ ஆகியவற்றின் நிழல் இதில் விழுந்திருக்கிறது என்பது அறிஞர் கருத்து. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் பாவ் ஜிமிங் 2005இல் இதைப் பற்றி விரிவாகவே எழுதினார். மலாய்க்காரர்களும் ‘சுடா’வைக் காட்டிப் பங்கு கேட்கலாம். நமக்கும் ஒரு பாத்தியதை உண்டு என்பதை இவ்வாய்வு பணிவோடு பதிவு செய்கிறது. ‘சாப்டாச்சு’ என்பதைப் பிரித்துப் பாருங்கள். முன்னால் சாப்பாடு, பின்னால் ஆச்சு. ‘ஈட் ஆல்ரெடி’. ஒட்டும் இடம்கூட மாறவில்லை. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்? (நிறைய வேண்டும். ஆனால் பாத்தியதை கோருகிறவன் எதிர்த்தரப்பு வாதத்தையும் சேர்த்துச் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை.)

அரசாங்கம் இந்த வாலை வெட்டிப் பார்த்தது. 1999 தேசிய தினப் பேரணி உரையில் அன்றைய பிரதமர் கோ சோக் டோங், தொலைக்காட்சி நகைச்சுவைப் பாத்திரமான ஃபுவா சூ காங்கின் ஆங்கிலத்தைக் குறைசொன்னார். பாத்திரம் ஆங்கில வகுப்புக்கு அனுப்பப்பட்டது. கற்பனை மனிதனுக்கே டியூஷன் வைத்த நாடு இது. மறு ஆண்டு நல்ல ஆங்கிலம் பேசும் இயக்கம் தொடங்கியது. அதே 2000இல்தான் நான் உட்கார்ந்திருந்த கட்டடத்துக்கும் வட்டாரத்தின் பழைய பேர் வந்தது. 1982இல் இதற்கு மாண்டரின் உச்சரிப்பில் ‘ஜூஜியாவ்’ என்று பேர் வைத்தார்கள். மூங்கிலடி என்ற பொருள்படும் ‘தேக்கா’ என்ற ஹொக்கியன் பேரை விட்டு ஜனம் அசையவில்லை. பதினெட்டு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பலகையை மாற்றினார்கள். ‘ஆல்ரெடி’யின் எதிர்காலத்தைக் கணிக்க விரும்புவோர் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

தரவு கிடைத்த பத்தாம் நிமிடம் சிக்கல் முற்றியது. மச்சானின் மனைவி கூப்பிட்டார். மகளை டியூஷனிலிருந்து அழைத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறார். புருஷன் போனை எடுக்கவில்லை.

“அண்ணே, அவரு வந்துட்டாரா?”

இங்கேதான் பிறர் கூற்றை எடுத்துச் சொல்லும் பிரச்சினை எழுகிறது. ‘ஹி செட் ஹி ஹேட் ரீச்ட்’ என்பதா, ‘ஹி செட் ஹி ஹேஸ் ரீச்ட்’ என்பதா? நம் தலைமுறைக்கு ரென் அண்டு மார்ட்டின் போட்ட சட்டம் தெரியும்: சொன்னது இறந்தகாலமானால், சொல்லப்பட்டதும் ஒரு படி பின்னால் இறங்கவேண்டும். ஹேஸ் என்பது ஹேட் ஆகும், டுமாரோ என்பது த நெக்ஸ்ட் டே ஆகும். தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வில் வாக்கியத்தை மாற்றி எழுதும் பகுதி ஒன்று உண்டு. அதில் இரண்டு மதிப்பெண்ணுக்காக வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் எத்தனை அம்மாக்கள் தொண்டை வறள இதைக் கத்தியிருக்கிறார்கள்!

ஆனால் சட்டத்தில் ஒரு சந்து இருக்கிறது. சொன்ன விஷயம் இப்போதும் உண்மையாக இருந்தால் காலத்தை இறக்காமலும் விடலாம். அப்படி விட்டால், சொல்பவனும் அதற்குக் கையெழுத்துப் போடுகிறான் என்று அர்த்தமாகிவிடும். ‘ஹேஸ் ரீச்ட்’ என்றால் நான் ஜாமீன். ‘ஹேட் ரீச்ட்’ என்றால் அவன் சொன்னான், நான் கேட்டேன், அவ்வளவுதான். குழாய்ச் சத்தத்துக்கு நான் பொறுப்பில்லை. மனைவிமார் கேட்கும்போது எந்தக் காலத்தில் பதில் சொல்லவேண்டும் என்பது இதிலிருந்து விளங்கும்.

தமிழில் இந்தப் படி இறங்கும் வேலையே கிடையாது. ‘வந்துட்டேன்னு சொன்னான்’ என்று, அவன் வாயிலிருந்து விழுந்த ‘ஏன்’ விகுதியைக்கூடத் துடைக்காமல் அப்படியே பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடுகிறோம். பொறுப்பைக் கைகழுவ நமக்குத் தனியாக ஒரு கருவி இருக்கிறது: ‘ஆம்’. இடைச்சொல்தான், ஆனால் ஒரு வக்கீலின் வேலையைச் செய்கிறது. ‘வந்துட்டான்’ என்றால் சாட்சியம். ‘வந்துட்டானாம்’ என்றால் கேள்விப்பட்டது. கடைசி மகரத்தைக் கொஞ்சம் இழுத்தால் போதும், அவன் வரவே இல்லை என்றாகிவிடும். ஆங்கிலத்து ‘ஹேட்’ எத்தனை இழுத்தாலும் இந்த மூன்றாவது வேலையைச் செய்யாது. சிங்கப்பூர்த் தமிழன் ஆங்கிலம் பேசும்போது ஏதோ ஒன்று கையில் இல்லாததுபோலத் தடுமாறுவதற்கு இதுவே காரணம் என்பது எங்கள் துணிபு.

“வந்துட்டாராம் தங்கச்சி,” என்றேன். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. செய்தி முழுமையாகப் போய்ச் சேர்ந்தது.

பிறகு மச்சானின் மகள் போனை வாங்கினாள். தொடக்கநிலை ஆறு. “மாமா, ஆஃப்டர் ஐ ஃபினிஷ்ட் மை ஹோம்வொர்க் டுமாரோன்னு எழுதினேன், தப்புன்னு வட்டம் போட்டுட்டாங்க. வொய்?” ‘ஹேவ் ஃபினிஷ்ட்’ என்று வரவேண்டும் என்றேன். ஆனால் குற்றவாளி அவள் இல்லை. ‘நாளைக்கு வீட்டுப்பாடம் முடிச்ச பிறகு’ என்று தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘முடிச்ச’ இறந்தகாலப் பெயரெச்சம். ‘நாளைக்கு’ அதன் தோளில் கைபோட்டு நிற்கிறது, யாரும் வட்டம் போடுவதில்லை. அவள் தமிழில் யோசித்திருக்கிறாள். தமிழாசிரியருக்குத் தெரிந்தால் சந்தோஷப்படுவார். இங்கிலீஷ் டீச்சரிடம் அதைச் சொல்லவேண்டாம் என்று அறிவுறுத்தினேன்.

இனி மச்சானின் கூற்று பொய்யா என்ற கேள்வி. இல்லை என்பதற்குத் தொல்காப்பியத்திலேயே இடமிருக்கிறது. விரைவுப் பொருளில், வரப்போவதையும் நடந்துகொண்டிருப்பதையும் இறந்தகாலத்தால் சொல்லலாம் என்கிறது சொல்லதிகாரம். பிற்காலத்து நன்னூல் விரைவோடு மிகுதி, தெளிவு, இயல்பு என்று இன்னும் தாராளமாகிறது. உரைகாரர்கள் தரும் எடுத்துக்காட்டைப் பார்த்து நான் மேசையிலிருந்து எழுந்தே நின்றுவிட்டேன். அவசரமாகக் கிளம்பவேண்டிய ஒருவன், இன்னும் சாப்பிடாமல் இருப்பவனைப் பார்த்து, இன்னும் சாப்பிடவில்லையா என்று கேட்கிறான். மற்றவன், சாப்பிட்டேன், வந்தேன் என்கிறான். சாப்பிட்டுக்கொண்டிருப்பவனும் அதையேதான் சொல்கிறான். இலக்கணம் இதைக் கால வழுவமைதி என்று ஏற்றுக்கொள்கிறது. பொங்கோலுக்கு ரயில் பாதை போடுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, குளியலறையிலிருந்து பேசும் என் மச்சானுக்கு வழுவமைதி போட்டு வைத்துவிட்டார்கள். வழுதான், ஆனாலும் அமைதி.

1.35க்கு மச்சான் வந்தார். தலை ஈரம். மன்னிப்புக் கேட்கவில்லை, இலக்கணப்படி அவசியமும் இல்லை. நேரே கடைமுன் போய் நின்றார். கடைக்காரர் அண்டாவைக் கரண்டியால் ஒரு தட்டுத் தட்டினார்.

“மட்டன் ஃபினிஷ் ஆல்ரெடி, அண்ணே.”

இதில் விரைவும் இல்லை, மிகுதியும் இல்லை, தெளிவு மட்டுமே இருந்தது. ஆளுக்கு ஒரு தே தாரிக் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். அப்போது மச்சானுக்கு மனைவியிடமிருந்து போன் வந்தது. சாப்பிட்டாயிற்றா என்று கேட்டிருக்க வேண்டும்.

“சாப்டாச்சு, சாப்டாச்சு,” என்றார் மச்சான், தேநீரை ஆற்றிக்கொண்டே. அடுத்த நிமிடம் என் போன் அடித்தது.

“சாப்டாச்சாம்,” என்றேன்.